சென்னியப்பன் தலைக்குமேல் கூரை நிற்கவில்லை

ஐப்பசி பிறந்து எட்டாம் நாள், வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, கருக்கம்பாளையம் சென்னியப்பன் காம்பவுண்டில் இரண்டு ஆட்கள் ஏணி வைத்து ஏறி, ஆறாம் நம்பர் வீட்டின் மேலிருந்த சிமெண்ட் அட்டைகள் ஏழையும் ஒவ்வொன்றாகக் கழற்றி இறக்கி, டெம்போவில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர்கள் மேலே வேலை செய்துகொண்டிருந்தபோது கீழே பாயில் சீனிச்சாமி படுத்திருந்தார். முதல் அட்டை போனதும் அவர் முகத்தில் வெயில் விழுந்தது. கையை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டார். ஏழாவது அட்டையும் போனபிறகு கையை இறக்கிவிட்டு மேகத்தைப் பார்த்தார். நாங்கள் எல்லோரும் அவரவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

நாங்கள் என்று நான் சொல்வது அந்தக் காம்பவுண்டின் மீதிப் பதினேழு குடித்தனக்காரர்களை. திருப்பூருக்குத் தெற்கே, எதிரும் புதிருமாக ஒன்பது ஒன்பது வீடுகள், பத்துக்குப் பத்தில் ஓர் அறை, நடுவில் ஒரு குழாய், கடைசியில் நாலு கக்கூஸ். தேனியிலிருந்து வந்தவர்கள், ராஜபாளையத்திலிருந்து வந்தவர்கள், அரியலூரிலிருந்து வந்தவர்கள், எல்லோரும் ஏதாவதொரு பனியன் கம்பெனியில் கத்தரிக்கிறவர்கள், தைக்கிறவர்கள், மடிக்கிறவர்கள். ஆறாம் நம்பர் குருவம்மா விளாத்திகுளத்துப் பக்கம். செக்கிங் வேலை, துணியை வெளிச்சத்தில் விரித்து ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பது. அவள் புருசன் சீனிச்சாமி பதினாலு வருசம் சாயப்பட்டறையில் நின்றவர்; நெஞ்சு கெட்டுப்போய் இரண்டு வருசமாகப் படுக்கையில் இருந்தார். ஒரே மகள் செல்லக்கிளி, பதினொன்றாம் வகுப்பு.

அந்த வருசம் ஆர்டர் இல்லையென்று குருவம்மாவின் கம்பெனியை ஆடி மாசம் மூடினார்கள். நாலு மாச வாடகை நின்றுபோனது. அதற்காக அவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. கவுன்சிலரிடம் போனாள், அவர் வீட்டுக்காரர் சென்னியப்பனிடம் பேசுவதாகச் சொல்லி, பேசவும் போய், அங்கே காப்பி குடித்துவிட்டு வந்து, கொஞ்சம் பார்த்து அனுசரிச்சுப் போம்மா என்றார். கோயில் டிரஸ்டில் அஞ்சு கிலோ அரிசி கொடுத்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். மகளிர் குழுவில் ஆறு மாசம் சந்தா கட்டியிருந்தால்தான் கடன் என்றார்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கலாம் என்று யாரோ சொல்ல, வாசல் மரத்தடியில் மனு எழுதுகிறவரிடம் எழுதி வாங்கி, மூணு மணி நேரம் வரிசையில் நின்று கொடுத்தாள். முத்திரை குத்தி ஒரு நம்பர் கொடுத்தார்கள். அந்த நம்பரை அவள் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தாள்.

கடைசியில் அவளுக்கு உருப்படியாக ஒரு வழி சொன்னது லூர்து ஒருத்திதான். லூர்து பனியன் தொழிலாளர் சங்கத்துக்காரி, செராக்ஸ் கடை மாடியில் அவளுக்கு ஒரு மேஜை இருந்தது. வாடகை நின்றாலும் வீட்டுக்காரர் தன்பாட்டுக்கு யாரையும் வெளியே தள்ள முடியாது, கோர்ட்டு சொல்லவேண்டும் என்று விளக்கி, கையோடு கூட்டிக்கொண்டு போய், கோர்ட்டு வளாகத்தில் இருந்த இலவச சட்ட உதவி மையத்தில் ஒரு பெண் வக்கீலிடம் உட்காரவைத்தாள். அந்த வக்கீல் பாக்கியைத் தவணையாகக் கட்ட அவகாசம் கேட்டும், அதுவரை வீட்டைக் காலி பண்ணச் சொல்லக்கூடாது என்றும் சென்னியப்பனுக்கு ஒரு நோட்டீஸ் எழுதினாள். நோட்டீஸ் செவ்வாய்க்கிழமை போய்ச் சேர்ந்தது. வியாழக்கிழமை டெம்போ வந்தது.

சென்னியப்பன் கெட்ட வார்த்தை பேசாதவர். வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு, குடித்தனப் பெண்களை அம்மிணி என்றுதான் கூப்பிடுவார். அன்றைக்கும் அப்படித்தான், ஆறாம் நம்பர் வாசலில் நின்று, குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"நோட்டீசுல வீட்டைக் காலி பண்ணக்கூடாதுன்னுதான அம்மிணி போட்டிருக்குது. நானெங்க காலி பண்ணச் சொன்னேன்? வீட்டுல நீங்க தாராளமா இருங்க. அட்டை என்னுது, எடுத்துக்கறேன்."

பிறகு எங்கள் பக்கம் திரும்பி, யாராவது அவர்களை உள்ளே சேர்த்தால் அந்த வீட்டு அட்டையும் இறங்கும் என்றார். அதையும் மெதுவாகத்தான் சொன்னார். நாங்கள் கேட்டுக்கொண்டோம்.

அன்று சாயங்காலமே மழை பிடித்தது. எங்களில் ஒருவர் காதுகுத்துக்கு வைத்த பழைய பிளக்ஸ் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். குருவம்மாவும் செல்லக்கிளியும் அதைச் சுவரோடு சுவராக இழுத்துக் கட்டினார்கள். மறுநாள் காற்று அதைப் பிய்த்துக்கொண்டு போய் ரயில்வே வேலியில் மாட்டியது. சீனிச்சாமியை ஈரம் படாமல் வைக்கவேண்டும் என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். பாயைச் சுவரோரமாக நகர்த்தினாள், சுவரிலும் தண்ணீர் வழிந்தது. பிளாஸ்டிக் குடம் இரண்டைக் கவிழ்த்து அவற்றின்மேல் பலகை போட்டு அவரைத் தூக்கி வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினாள், எனக்குத் தெரியும், என் வீட்டுக் கதவைத்தான் முதலில் தட்டினாள், இவரை மட்டும் ஒரு மூலையில் போட்டுக்கோங்கக்கா, நானும் புள்ளையும் நனைஞ்சுக்கறோம் என்றாள். நான் மேலே என் வீட்டு அட்டையைப் பார்த்தேன். அவளும் நான் பார்த்ததைப் பார்த்தாள். பதில் சொல்லும்வரை நிற்காமல் போய்விட்டாள். வேறு எந்தக் கதவையும் தட்டவில்லை.

செவ்வாய்க்கிழமை மதியம், ஆறாம் நாள், சீனிச்சாமி செத்துப்போனார். அவர் கண் திறந்திருந்தது, கண்ணுக்குள் மழைத்தண்ணீர் நின்றது. குருவம்மா முந்தானையால் அதைத் துடைத்துவிட்டு, அவர் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று தெரிந்துகொள்கிற மாதிரி, கொஞ்ச நேரம் மேலே அண்ணாந்து பார்த்தாள். அழவில்லை. யாரையும் திட்டவில்லை. மண்ணை வாரித் தூற்றவுமில்லை. பிற்பாடு எத்தனையோ பேர் எங்களிடம் வந்து அவள் என்ன சாபம் விட்டாள், எந்தச் சாமியைக் கூப்பிட்டாள் என்று துருவித் துருவிக் கேட்டார்கள். நாங்கள் பார்த்தது அவ்வளவுதான், அண்ணாந்து பார்த்தாள்.

பதினாறாம் நாள் காரியத்தன்று தபால்காரர் ஒரு கடிதம் கொண்டுவந்தார். மனு பரிசீலனையில் இருப்பதாகவும் சம்பந்தப்பட்டவர் உரிய ஆவணங்களுடன் நேரில் வரலாம் என்றும் அதில் எழுதியிருந்தது. அதே பதினாறாம் நாள் மதியம் சென்னியப்பன் தன் பங்களாவில் சாப்பிட உட்கார்ந்தார். ரசம் ஊற்றிக்கொண்டபோது ஒரு சொட்டு இலையில் விழுந்தது. இன்னொன்று அவர் காதில் விழுந்தது. போன வருசம்தான் போட்ட கான்கிரீட், அதற்குள் ஒழுகுகிறதா என்று மனைவி நாகமணியைக் கடிந்தபடி அவர் நிமிர்ந்து பார்த்தார். கான்கிரீட் இல்லை. ஒரு கட்டில் அளவுக்குச் சதுரமாக, ஓரம் வெட்டினாற்போல, வானம் இருந்தது. கறுத்த மேகம் ஒன்று மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. அவர் இலையைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்கு ஓடினார். சாப்பாட்டு அறையின் கூரை அவர் பின்னால் மூடிக்கொண்டது. ஹாலின் கூரை அவர் தலைக்கு மேல் திறந்துகொண்டது. படுக்கையறைக்குப் போனார், பூஜையறைக்குப் போனார், கடைசியில் கக்கூசுக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டார். அங்கேயும் மழை பெய்தது.

மறுநாள் இஞ்சினியர் வந்து டேப் பிடித்து அளந்து, சுத்தியலால் தட்டிப் பார்த்து, கான்கிரீட்டில் ஒரு குறையும் இல்லை, கலவை முதல்தரம் என்று எழுதிக் கொடுத்தார். சென்னியப்பன் அந்த அறைக்குள் வந்து நின்றதும் இஞ்சினியரின் தலையில் வெயில் விழுந்தது. அவர் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு, இது என் டிபார்ட்மெண்ட் இல்லீங்க என்று பீசை வாங்கிக்கொண்டு போனார். குடை விரித்தால் கம்பிகள் மட்டும் விரிந்தன. காருக்குள் உட்கார்ந்தால் காரின் மேல்தகடு இல்லை. மனுசன் கை வைத்துக் கட்டியது எதுவும் அவர் தலைக்குமேல் நிற்கவில்லை. மரங்கள் மட்டும் விலகவில்லை.

ஊர் இதைப் பெரிதாக அதிசயப்பட்டுக்கொண்டிருக்கவில்லை, அதற்கு யாருக்கும் நேரமில்லை. அவரவர் வேலைக்குத் தோதாக ஏற்பாடு செய்துகொண்டார்கள். பேங்க் மேனேஜர், பேரேடெல்லாம் நனைந்துவிடும் என்று வேப்பமரத்தடியில் ஒரு நாற்காலி போட்டு, சென்னியப்பன் வந்தால் பேனாவோடு தானே வெளியே வந்தார். மாரியம்மன் கோயிலில் அவர் கருவறைக்கு முன்னால் போய் நின்றபோது கட்டிய நாள்முதல் சூரியனைக் கண்டிராத அம்மன் முகத்தில் வெயில் விழுந்து மூக்குத்தி மின்ன, பூசாரி முதலில் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அடுத்த வெள்ளிக்கிழமை தூறலில் சந்தனக்காப்பு கரைந்து ஓடியதும், நீங்க கொடிமரத்துகிட்டயே நின்னு கும்புட்டுக்கங்க, அவளுக்கு எல்லாம் தெரியும் என்று சொல்லிவிட்டார். தம்பி மகள் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்தவர் இலையோடு சேர்த்து அக்கம்பக்கத்து நாலு இலையும் மிதந்தன. அவரை மண்டப வாசலில் பன்னீர் தெளிக்க நிறுத்தினார்கள். வீட்டுவரி போடுகிறவர் வந்து, திறந்த பரப்புக்கு எப்படி வரி போடுவது, அது அவரோடு நகருகிறதே என்று யோசித்து, மேலதிகாரிக்கு எழுதுவதாகச் சொன்னார். நாகமணி முதல் நாள் அழுதாள், இரண்டாம் நாள் பரிகாரம் கேட்டு அலைந்தாள், பங்குனி வந்ததும் புருசன் நாற்காலியைச் சுற்றி முறம் முறமாக வடகம் காயவைத்தாள். வெளியே வைத்தால் காக்கா கொத்துகிறது என்றாள்.

எங்கள் காம்பவுண்டில் யாரும் வாய்விட்டுச் சிரிக்கவில்லை. ஆனால் அந்த வருசம் எங்கள் சோற்றுக்கு ஒரு ருசி இருந்தது. மாசம் பிறந்தால் அவர் வாடகைக்கு வருவார். முன்பெல்லாம் செருப்போடு உள்ளே வந்து கட்டிலில் உட்காருகிறவர். இப்போது ஒவ்வொரு வாசலிலும் நாங்கள் இரண்டு கையையும் விரித்து மறித்துக்கொண்டு, மிகுந்த மரியாதையோடு, உள்ள வராதீங்கய்யா, துணிமணி நனைஞ்சிரும் என்போம். பதினேழு வாசலிலும் அதே சொல். மழையில்லாத நாளிலும் அதையே சொன்னோம்.

அவர் தன்னால் முடிந்ததையெல்லாம் செய்தார். முதல் வாரமே ஆறாம் நம்பருக்குப் புது அட்டை ஏழு வாங்கி மாட்டினார். பாக்கி வாடகையைத் தள்ளுபடி செய்து எழுதிக் கொடுத்தார். நாகமணி தாம்பாளத்தில் பழத்தோடு பணக்கட்டு வைத்துக்கொண்டு வந்தாள். குருவம்மா புது அட்டையின் கீழ்தான் இருந்தாள், வேறெங்கே போவாள், தாம்பாளத்தை மட்டும் வாங்காமல், "அட்டை அவருதுங்க. பத்திரமாப் பாத்துக்கிறேன்னு சொல்லுங்க" என்று அனுப்பிவிட்டாள். வேறொரு கம்பெனியில் செக்கிங் வேலை கிடைத்தது. அவள் பாட்டுக்குப் போனாள், வந்தாள். எங்களில் ஒருவரிடமும் ஒரு சொல் பேசவில்லை. குழாயடியில் எங்கள் குடம் நிறைகிறவரை ஒதுங்கி நின்று, அப்புறம் தன் குடத்தை வைத்தாள்.

வைகாசியில் பங்களாவில் மகன் மருமகளுக்கும் அவருக்கும் ஒத்துவரவில்லை. டிவி கெட்டுப்போனது, சுவரெல்லாம் பாசி பிடித்தது, பேரக்குழந்தைக்குச் சளி விடவில்லை. கொஞ்ச நாளைக்கு வேற எங்கயாச்சும் இருங்கப்பா என்றான் மகன். இரண்டு லாட்ஜில் ஒரு பொழுதுக்குமேல் வைத்துக்கொள்ளவில்லை. பதினெட்டு வீட்டுக்குச் சொந்தக்காரர் வாடகைக்கு வீடு தேடினார். ஓடு போட்டதோ ஓலை போட்டதோ எதுவானாலும் சரி, எத்தனை அட்வான்ஸ் ஆனாலும் சரி என்றார். ஒருத்தரும் கொடுக்கவில்லை. கவுன்சிலரிடம் போனார், அவர் வாசலிலேயே காப்பி கொடுத்து, கொஞ்சம் பார்த்து அனுசரிச்சுப் போங்க என்றார். கோயில் டிரஸ்டில் அரிசி வேண்டுமா என்று கேட்டார்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவர் எந்தத் துறைக்கு எழுதுவது என்று ரொம்ப நேரம் பேனாவைக் கடித்துவிட்டு, பொதுவாக எழுதிக் கொடுத்தார். மூணு மணி நேரம் வரிசையில் நின்றார், வரிசையோடு சேர்ந்து அவர் தலைக்குமேல் இருந்த சதுரமும் நகர்ந்தது. முத்திரை குத்தி ஒரு நம்பர் கொடுத்தார்கள்.

கடைசியில் செராக்ஸ் கடை மாடிப்படி ஏறினார். காகிதமெல்லாம் இருக்கிறது, நீங்கள் படியிலேயே நில்லுங்கள் என்றாள் லூர்து. அவர் படியில் நின்றார். வெயில் அவர் வழுக்கையில் நேராக அடித்தது. எங்கே போனார், யார் யார் என்ன சொன்னார்கள் என்றெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்துவிட்டுக் கேட்டார்.

"தலைக்குமேல கூரை இல்லாத ஒரு மனுசன் இந்த ஊருல எங்கதானுங்க போறது?"

லூர்து பிறகு எங்களிடம் சொன்னாள், அந்தக் கேள்வியைக் கேட்டதும் தனக்குச் சிரிப்பு வரவில்லை, பயம்தான் வந்தது, எதிரில் நிற்பது இவரா குருவம்மாவா என்று ஒரு நிமிசம் தெரியவில்லை, போன வருசம் அதே படியில் அவள் கேட்ட அதே சொல், அதே இறங்கின குரல். எந்த ஆபீசிலும் இதற்கு ஜன்னல் கிடையாது, போக வேண்டிய இடம் உங்களுக்கே தெரியும் என்று சொல்லி அனுப்பினாளாம்.

தெரிந்த இடத்துக்கு வர அவருக்கு இன்னும் நாலு மாசம் ஆனது. அடுத்த ஐப்பசி, மழை தொடங்கிய ஒரு வியாழக்கிழமை காலை, செருப்பைக் காம்பவுண்டு கேட்டுக்கு வெளியிலேயே கழற்றிவிட்டு, ஆறாம் நம்பர் வாசலில் வந்து நின்றார். ஒரு வருசத்தில் ஆள் கறுத்து, உரித்த கட்டை மாதிரி ஆகியிருந்தார். குருவம்மா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அவர் கையைக் கூப்பினார். என்ன செய்தால் மூடும், நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன், காம்பவுண்டையே எழுதித் தரச் சொன்னாலும் தருகிறேன் என்றார். அவள் டிபன் பாக்சைக் கீழே வைத்தாள். ஒரு வருசம் கழித்து நாங்கள் கேட்கும்படி அவள் பேசின முதல் பேச்சு அது.

"எழுதியெல்லாம் தர வேண்டாம். உள்ள வந்து படுங்க. ஆறு நாள்."

அவர் படுத்தார். சீனிச்சாமி கிடந்த அதே சுவரோரம், சிமெண்ட் தரையில், ஒரு பாய். மாட்டி ஒரு வருசமான ஏழு அட்டையும் முழுசாகத்தான் இருந்தன, ஆனால் அவர் படுத்த இடத்துக்கு மேலே கட்டில் அகலத்துக்கு வானம் திறந்து, மழை அவர்மேல் மட்டும் குத்தி இறங்கியது. இரண்டடி தள்ளி, அடுப்படி உலர்ந்து கிடந்தது. குருவம்மா வேலைக்கு லீவு சொல்லிவிட்டு நிலைப்படியில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள். சாப்பிடுகிற நேரம் தவிர அவள் எழுந்திருக்கவில்லை. துணியில் ஓட்டை பார்க்கிற கண்ணால் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் நாளும் இரண்டாம் நாளும் அந்த வாசலில் கூட்டம். மூன்றாம் நாள் நாகமணி வந்து, எதுவும் கேட்காமல், எதிர்வரிசைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். சென்னியப்பனுக்குக் காய்ச்சல் கண்டது, பல் கிட்டியது. நாலாம் நாள் எங்களால் பார்க்க முடியவில்லை. பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. எங்களுக்கு அவர்மேல் இரக்கம் என்று சொன்னால் அது பொய். அவர் நடுங்குகிற ஒவ்வொரு நடுக்கமும் போன வருசம் நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே கேட்ட இருமலாக எங்கள் காதில் விழுந்தது, அதை நிறுத்தினால் தேவலை என்றிருந்தது. அன்று செல்லக்கிளிதான் பள்ளிக்கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை வைத்த சிறப்பு வகுப்பிலிருந்து வந்து, பையை வைக்காமலே, ஒரு டம்ளர் வெந்நீரைக் கொண்டுபோய் அவர் வாயில் ஊற்றினாள். பிறகு அம்மாவிடம் வந்து நின்றாள்.

"போதும்மா," என்றாள்.

"உங்கப்பாவுக்கு நாலாம் நாள் யாரும் போதும்னு சொல்லல," என்றாள் குருவம்மா. மகளைப் பார்த்துச் சொல்லவில்லை. இரண்டு வரிசையிலும் நின்றிருந்த எங்களைப் பார்த்துத்தான் சொன்னாள், ஒவ்வொரு முகமாக. என் முகத்தில் வந்ததும் கொஞ்சம் கூடுதலாக நின்றாள்.

செல்லக்கிளி ஐந்தாம் நாளும் ஆறாம் நாளும் வெந்நீர் கொடுத்தாள், குருவம்மா தடுக்கவில்லை.

ஆறாம் நாள் மதியம் மழை விட்டது. காம்பவுண்டில் ஒரு குழந்தைகூடச் சத்தம் போடவில்லை. சென்னியப்பன் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, ரொம்ப நேரம் தைரியமில்லாமல் தரையையே பார்த்தார். பிறகு அண்ணாந்தார். கழுவிவிட்ட மாதிரி நீலமாக இருந்தது. ஒரு கொக்கு போனது.

"இன்னும் மூடலீங்களே அம்மிணி," என்றார்.

"மூடாது," என்றாள் குருவம்மா. "தொறந்தது நான் இல்ல. மூடவும் எனக்குத் தெரியாது. தெரிஞ்சாலும் மூட மாட்டேன்."

அவர் அவளையே பார்த்தார். கோபப்படவில்லை, கோபப்படத் தெம்பு இல்லை. ஒன்றே ஒன்று கேட்டார், அப்புறம் எதற்கு இந்த ஆறு நாள் என்று.

"நான் பாக்கறதுக்கு," என்றாள்.

நாகமணி எழுந்து வந்து அவரைத் தோளில் தாங்கிக் கூட்டிக்கொண்டு போனாள். நிலைப்படியைத் தாண்டும்போது குருவம்மா காலை மடக்கி வழிவிட்டாள். அவர்கள் கேட்டைத் தாண்டிய பிறகு அந்த ஈரப் பாயைச் சுருட்டி வெளியே எறிந்தாள், தரையைத் துடைத்தாள், கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்குப் பிறகுதான், ஒரு வருசமும் ஆறு நாளும் கழித்து, அவள் அழுத சத்தம் எங்களுக்குக் கேட்டது. நாங்கள் கதவைத் தட்டவில்லை. தட்டுகிற யோக்கியதை எங்களுக்கு இல்லை.

சென்னியப்பன் சாகவில்லை. அவருடைய தோட்டத்தில் ஒரு பெரிய புளியமரம் இருக்கிறது, அதன் அடியில் கட்டில் போட்டு இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறார். நாகமணி இரண்டு வேளையும் சோறு கொண்டுபோகிறாள். வாடகை வாங்க மகன் வருகிறான். ஒரு மாசம் இரண்டு மாசம் நின்றால் கணக்கைக்கூடக் கேட்காமல், முடியறப்பக் குடுங்கக்கா என்று வெளியிலேயே நின்று சொல்லிவிட்டுப் போகிறான். கூரையை ஒருத்தரும் தொடவில்லை, எங்கள் காம்பவுண்டில் மட்டுமில்லை, சுற்றுவட்டாரத்தில் நாலைந்து ஊரில்.

குருவம்மா எங்களோடு பேச ஆரம்பித்தாள், தண்ணீர் வந்ததா, கேஸ் வந்ததா என்கிற அளவுக்கு. ஆனால் எங்களில் யார் வீட்டுக்குள்ளும் அவள் இன்றுவரை கால் வைத்ததில்லை. தீபாவளிக்குப் பலகாரம் கொடுத்தால் வாசலில் நின்று வாங்கிக்கொள்வாள். மழை பெய்கிற நாட்களில் நாங்கள் பதினேழு பேரும் படுக்கும் முன்னால் ஒருதரம் மேலே பார்த்துக்கொள்கிறோம். இதைப் பற்றி நாங்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் லூர்து ஆறாம் நம்பர் வாசலில் ஒரு மேஜை போடுகிறாள். வாடகை நின்றுபோனவர்கள் எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். எந்த மனு எந்தக் கிழமை, எந்த ஜன்னலில் யார் கொஞ்சம் இரக்கப்படுகிறவர், வக்கீல் பெண் எத்தனை மணிக்கு வருவாள், குழுவில் சந்தா இல்லாமலே யாரிடம் கைமாற்று கிடைக்கும், இதெல்லாம் லூர்து எழுதிக் கொடுக்கிறாள். அதிலும் ஆகாத விசயம் என்றால் குருவம்மாவைப் பார்க்கிறாள். குருவம்மா புடவையைச் சரிசெய்துகொண்டு எழுந்து கூடப் போகிறாள்.

போன மாசம் அப்படித்தான் பால்பண்ணை வீதிக்குப் போனாள், நானும் கூடப் போனேன். ஜெயங்கொண்டத்திலிருந்து வந்த ஒரு சின்னப் பெண், கைக்குழந்தை பிறந்து இருபது நாள், மூணு மாசம் வாடகை பாக்கி. வீட்டுக்காரர் குப்பண்ணன் மெயின் போர்டிலிருந்து ஃபியூசைப் பிடுங்கி வைத்துக்கொண்டார், பச்சைக் குழந்தை வியர்வையில் கிடந்து கத்துகிறது. குப்பண்ணன் எங்களை உட்காரச் சொன்னார். தன் பக்கத்து நியாயத்தைச் சொன்னார். வீட்டுக்கடன் இருக்கிறது, மகள் கல்யாணம் இருக்கிறது, எல்லோருக்கும் இரக்கப்பட்டால் தான் தெருவில் நிற்க வேண்டியதுதான் என்றார். பொய்யாக எதுவும் சொல்லவில்லை. புது ஹால், மேலே வெள்ளையாகப் பூவேலை செய்து, சுற்றிலும் சின்னச் சின்ன விளக்குகள் பதித்திருந்தது.

குருவம்மா எல்லாவற்றையும் கேட்டாள். அவர் பேசி முடித்த பிறகு, நாற்காலியில் சாய்ந்து, மெதுவாகத் தலையை நிமிர்த்தி, அந்தக் கூரையை அண்ணாந்து பார்த்தாள்.

குப்பண்ணனும் மேலே பார்த்தார். விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. ஒரு மாசம் வேண்டுமானால் பொறுத்துக்கொள்கிறேன் என்றார். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். மூணு மாசம் என்றார். அவர் நெற்றியில் வியர்வை துளிர்த்தது, அதைத் தொட்டு விரலைப் பார்த்துக்கொண்டார், அது தண்ணீர்தானா என்று. பிறகு எழுந்து, ஃபியூசை எடுத்துவர உள்ளே போனார்.

அவர் திரும்பி வரும்வரை குருவம்மா தலையைத் தாழ்த்தவில்லை.